யானையின் செல்

அன்பு மகளுக்கு,

நீ ஏழாவது படிக்கும்போது ஒரு ராத்திரி, "யானை உடம்புல இருக்கிற செல்லும் பெரிசா இருக்குமாப்பா?" என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் "ஆமாம், தூங்கு" என்றுவிட்டேன். உயிரியல் நடத்துகிறவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது இன்னும் உறுத்துகிறது. போன வாரம் ஆய்வகத்தில் அகர் என்னும் கடற்பாசி ஜெல்லியைக் கட்டியாக வெட்டிக்கொண்டிருந்தபோது, உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

காரம் கலந்த அகரில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சேர்த்தால் நல்ல ரோஜா நிறம் வரும். அதில் 1 செ.மீ. கனசதுரம் ஒன்று, 3 செ.மீ. கனசதுரம் ஒன்று வெட்டி, நீர்த்த அமிலத்தில் போட்டோம். அமிலம் உள்ளே இறங்க இறங்க ஓரத்திலிருந்து நிறம் வெளுத்துக்கொண்டே வரும். சின்னது முழுக்க வெளுத்ததும் இரண்டையும் வெளியே எடுத்து, பெரியதைக் குறுக்கே வெட்டினேன். நடுவில் 2 செ.மீ. அகலத்துக்கு ரோஜா நிறம் அப்படியே இருந்தது. இரண்டிலும் அமிலம் போன ஆழம் ஒன்றுதான், அரை செ.மீ. எத்தனை வருஷம் செய்து காட்டினாலும், எதுவும் எட்டாத அந்த நடுப்பகுதியைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டப்படும். உயிருள்ள செல்லாக இருந்தால் அது அங்கே ஆக்சிஜனுக்குத் தவித்திருக்கும்.

செல்லுக்கு வேண்டியதெல்லாம் அதன் மேல்சவ்வு வழியாகத்தான் வர வேண்டும், கழிவும் அதே வழியாகத்தான் போக வேண்டும். பக்கம் 3 மடங்கானால் மேற்பரப்பு 9 மடங்குதான் ஆகும், உள்ளே இருக்கும் கொள்ளளவோ 27 மடங்கு ஆகிவிடும். வாசல் அந்த அளவுக்குப் பெருகவில்லை, சாப்பிடும் வாய்கள் பெருகிவிட்டன. அப்புறம், உள்ளே நுழைந்தது பரவுவதற்கு ஆகும் நேரம். தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. நூறில் ஒரு மில்லிமீட்டரை ஆக்சிஜன் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். ஒரு செ.மீ. என்றால் பல மணி நேரம்.

பெரிய செல்லே கிடையாதா என்று நீ கேட்பாய். இருக்கிறது. 1997-இல் நமீபியாக் கடலடிச் சேற்றில் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியா, வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் அதன் நடுவில் இருப்பது நைட்ரேட் நிறைந்த ஒரு பெரிய பை. உயிர்ப்பொருள் ஓரத்தில் மெல்லிய படலமாகத்தான் ஒட்டியிருக்கிறது. நம் முதுகுத்தண்டிலிருந்து கால்வரை போகும் நரம்புச் செல் ஒரு மீட்டர் நீளம் வரும், ஆனால் நூலைவிட மெலிசு. சிவப்பணு நடுவில் குழிந்து தட்டையாக இருப்பதும், குடல் செல் தன் மேற்பரப்பை விரல் விரலாக நீட்டிக்கொள்வதும் இதே கணக்கால்தான். எதிலும் உள்பகுதி சவ்வை விட்டு ரொம்பத் தூரம் போய்விடவில்லை.

சரி, யானை. எலியின் சிவப்பணுவும் யானையின் சிவப்பணுவும் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். யானைக்குச் செல்கள் எண்ணிக்கையில்தான் அதிகம். அந்த 3 செ.மீ. கட்டியை 27 சின்னக் கட்டிகளாக வெட்டிப் பார், பொருள் அதே அளவுதான், மேற்பரப்பு மட்டும் 54 சதுர செ.மீ. இருந்தது 162 ஆகிவிடும். வளர்ந்த செல் இரண்டாகப் பிரியும்போதும் இதுதான் நடக்கிறது.

அன்றைக்கே எழுந்து உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும், கண்ணு. அடுத்த முறை நீ வரும்போது அகர் காய்ச்சி வைக்கிறேன். பெரிய கட்டியை நீயே வெட்டிப் பார்.

அன்புடன்,
அப்பா