ஆட்சியர் அவர்களுக்கு: எங்கள் பள்ளங்களுக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பைபாஸில் டேங்கர் லாரி கவிழ்ந்த விவரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். தீப்பிடிக்கவில்லை, உயிர்ச்சேதம் இல்லை, போக்குவரத்து சீரானது. அறிக்கை அத்தோடு முடிந்திருக்கும்.

வண்டிகள் வழுக்காமல் இருக்க, டீசல் கொட்டிய ரோட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவிய டீசல் சாக்கடை வழியாகப் பள்ளத்தில் (மழைத் தண்ணீர் ஓடும் ஓடையை எங்கள் ஊரில் பள்ளம் என்போம்) இறங்கி, தடுப்பணையில் தேங்கி, ஒட்டியுள்ள கிணறுகளில் ஊறிவிட்டது. தொட்டியில் தண்ணீர் விட்டால் மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. மோட்டார் போட்டு இறைத்துவிடலாம் என்றால், எங்கே விடுவது? எந்தப் பக்கம் விட்டாலும் யாரோ ஒருவர் தோட்டம். டிராக்டர் தண்ணீர் விலைக்கு வாங்குகிறோம். பால் ஊற்றி வரும் காசு அதற்கே சரியாகப் போகிறது.

அன்றைக்குப் பள்ளத்தின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கியிருந்தால் பெரும்பகுதியை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எங்கே அடுக்குவது என்று வந்திருந்த அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. குறுக்கே கயிறு கட்டி, தெரிந்த ஊர்க்காரர்களை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

கடற்கரைகளுக்கு இதற்கென்றே வரைபடம் போடும் முறை இருக்கிறது. கரையை 1 முதல் 10 வரை தரம் பிரிப்பார்கள். அலை மோதும் பாறைக்கு 1, அலையாத்திக் காட்டுக்கு 10. எண்ணெய் கொட்டினால் முதலில் எதைக் காப்பது என்று பார்த்ததும் தெரியும். (2017-ல் எண்ணூரில் கடலில் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள், அது வேறு கதை.) நமக்குக் கடல் இல்லைதான். ஆனால் கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை பெட்ரோலும் டீசலும் பூமிக்கடியில் குழாயில் போகின்றன. மேலே ராப்பகலாக டேங்கர்கள். பவானி, நொய்யல், அமராவதி, கீழ்பவானி வாய்க்கால் என்று எதைத்தான் நம் ரோடுகள் தாண்டவில்லை?

உயர்மின் கோபுரம் நட வந்தபோது சர்வே எண், உட்பிரிவு, எந்தத் தென்னை விழும் என்பது வரை காகிதத்தில் இருந்தது. நிலத்தை எடுக்க வேண்டுமென்றால் மட்டும் வரைபடம் எப்படியோ தயாராகிவிடுகிறது! மன்னிக்கவும், சொல்ல வந்தது அதுவல்ல.

எந்த ரோட்டுச் சாக்கடை எந்தப் பள்ளத்தில் சேர்கிறது, அதன் கீழே குடிநீர்க் கிணறும் குளமும் எங்கே, மூட்டை அடுக்க ஏற்ற இடம் எது, அடைக்க வேண்டிய மதகின் சாவி யாரிடம் என்று எல்லாம் ஒரே வரைபடத்தில் வேண்டும். தீயணைப்பு நிலையத்திலும் காவல் நிலையத்திலும் அது சுவரில் இருக்க வேண்டும். வரைய ஆள் போதவில்லையென்றால் பாசன சபைக்காரர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் கூப்பிடுங்கள், நாங்களும் வருகிறோம். ஐப்பசி மழையில் பள்ளங்கள் ஓடத் தொடங்குவதற்குள் இதை முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க யாரையாவது அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
பள்ளத்தோரத் தோட்டக்காரன்