பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் பேசும்போது, "அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாகட்டும், அப்புறம் என் உடம்பைப் பார்த்துக்கிறேன்" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மா உள்ளேயிருந்து கூப்பிட, நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். முதியோர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், உங்களுக்குத் தங்கையாகவும் இருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போல வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும்.

பெரியம்மாவுக்கு வந்திருக்கும் மறதி நோயைக் (டிமென்ஷியா) குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. இப்போது கொடுக்கும் மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும், அவ்வளவுதான். இந்த நோயோடு பத்து வருஷம், அதற்கு மேலும் இருப்பவர்கள் உண்டு. பெரியம்மா அப்படி நிறைய நாள் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அதனாலேயே சொல்கிறேன், உங்கள் சாப்பாடும் தூக்கமும் பிரஷர் மாத்திரையும் இந்த நாட்களுக்குள்ளேயே இடம்பிடித்தாக வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். இட்லியைப் பிட்டு, சாம்பாரில் ஊறவைத்து, ஒவ்வொரு வாயாக முக்கால் மணி நேரம் ஊட்டினீர்கள். அவர் மிச்சம் வைத்ததை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்தீர்கள். அன்றைக்கு உங்கள் காலைச் சாப்பாடே அதுதான். இனிமேல் தட்டில் போட்டு, உட்கார்ந்து, முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். பெற்றவளுக்கு முன்னால் சாப்பிடுவதா என்று தோன்றும். ஆனால் பசியோடு ஊட்டுகிறவருக்குப் பொறுமை சீக்கிரம் தீர்ந்துவிடும். வார்டில் எங்களுக்கே அப்படித்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெரியம்மா மஞ்சள் பையில் புடவையை எடுத்து வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வருகிறாரே, இந்த நோயில் பலருக்கும் பொழுது சாயும் நேரத்தில் அப்படி ஒரு தவிப்பு வரும். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். மதியத் தூக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். "இதுதானம்மா நம்ம வீடு" என்று வாதாடுவதில் உங்கள் சக்திதான் போகிறது. "பெரியப்பா எப்போ வருவார்?" என்று கேட்கும்போதும் அப்படித்தான். அவர் தவறிவிட்டார் என்று சொல்லச் சொல்ல, பெரியம்மா ஒவ்வொரு முறையும் புதிதாக அழுகிறார். கூடவே நீங்களும். "அப்பா ஞாபகம் வந்துடுச்சா? அவருக்கு உங்க கைச் சமையல்ல எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். வத்தக்குழம்பில் பேச்சு போய்விடும். இன்னொன்று, ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடிவிட்டால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கோபத்தில் ஒருநாள் கத்திவிட்டதாகச் சொல்லி அழுதீர்கள். ஒரே கேள்விக்கு இருபதாவது தடவை பதில் சொல்லும் யாருக்கும் அது வரும். வருகிற மாதிரி தெரிந்தால் கேஸை அணைத்துவிட்டு, அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, பத்து நிமிஷம் திண்ணையில் போய் உட்காருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

தூக்கத்தில்தான் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது பெரியம்மா அறையில் வேறு ஒருவர் படுக்கட்டும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் குடிக்கும் காப்பியையும் விட்டுவிடுங்கள். நடுராத்திரி தாண்டியும் அது உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்.

யார் வந்து படுப்பார்கள் என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு மனது ஆறவில்லை அக்கா. தெருவில் எல்லோரும் "பெத்த தாயைத் தாங்கு தாங்குன்னு தாங்குறா" என்கிறார்கள். அண்ணனும் அதையேதான் சொல்கிறார். அந்தப் பாராட்டு உங்களைக் கட்டிப்போட்டுவிட்டது. அப்படிப் பெயரெடுத்த பிறகு "என்னால் முடியவில்லை" என்று எப்படி வாயைத் திறப்பீர்கள்? பாராட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு மதியம் வந்து பெரியம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார், அது பெரிய உதவி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பணம் எழுந்து போய் பெட்ஷீட் மாற்றாது. "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். அண்ணனிடம், "மாசம் இரண்டாவது சனி, ஞாயிறு நீ வந்து அம்மாகூட இரு" என்று நாள் குறித்துக் கேளுங்கள். எதிர்வீட்டு அக்காவிடம், "புதன்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை வந்து உட்காருங்க" என்று கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ரேஷன் கடைக்குப் போகாதீர்கள். பாட்டு கிளாஸை விட்டுவிட்டீர்களே, அங்கே போங்கள்.

இன்னொன்றையும் பேச வேண்டும். அன்றைக்குப் பெரியம்மா உங்களைப் பார்த்து "நீ யாரும்மா, நல்லாப் பாத்துக்கிறியே" என்று கேட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் இறந்தால் ஊரே வந்து நிற்கும், பதினாறாம் நாள் வரை வீட்டில் ஆள் இருக்கும், அழுவதற்கு ஒரு முறை இருக்கும். ஆள் கண்முன் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இழப்பவர்களுக்கு யாரும் துக்கம் கேட்டு வருவதில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்தே இந்த மாதிரி இழப்பைப் பற்றித்தான் ஆராய்ந்து எழுதிவருகிறார். நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள் அக்கா. அழுகை வந்தால் அழுங்கள். என்னைக் கூப்பிட்டு அழுங்கள், நைட் டியூட்டி என்றாலும் இடைவேளையில் திரும்பக் கூப்பிடுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை, படுக்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, "நான் இருந்து என்ன" என்று ஒருமுறையாவது தோன்றியது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸின் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். பிரஷர் மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்பதையும் இனி நான் ஏற்க மாட்டேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இந்த மாதக் கடைசியில் எனக்கு லீவு. சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். பெரியம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்து வையுங்கள். எந்தக் கிண்ணத்தில் பிசைந்தால் சாப்பிடுவார், எந்தப் பாட்டு போட்டால் அடங்குவார் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நீங்கள் தோழி வீட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, திங்கள்கிழமை மதியம் வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் தங்கை