புரூஸ் நடைபாதைக்கு ஆள் சேர்க்குமுன்: ரொறன்ரோப் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிருவாகிகளுக்கு,

வணக்கம். செப்ரெம்பர் பிறந்ததும் உங்கள் வட்ஸ்அப் குழுக்களில் இலையுதிர் காலத்தில் நிறம் மாறும் மரங்களைக் காண "இலை பார்க்கப் போகிறோம்" என்ற அறிவித்தல்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. முன்பெல்லாம் வாகனத்தை நிறுத்தி, மேப்பிள் மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அண்மைக் காலமாகத்தான் புரூஸ் நடைபாதையின் காட்டுப் பகுதிகளில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்து, மாலைக்குள் வீடு திரும்பும் பழக்கம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அப்படியான இரண்டு குழுக்களை நானே அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே கேட்கிறேன்: நாற்பது பேரை ஒரே வரிசையாக அந்தப் பாதையில் இறக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நயாகராவுக்கு அருகிலுள்ள குவீன்ஸ்ரனிலிருந்து வடக்கே ரொபமோரி வரை ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளும் இந்தப் பாதை முழுவதும் அரசாங்கப் பூங்கா என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரியல்ல. றே லோஸ் என்ற இயற்கை ஆர்வலர் 1959-ஆம் ஆண்டளவில் இந்த யோசனையை முன்வைத்த பின்னர், பிலிப் கோஸ்லிங் போன்றவர்கள் பாதை செல்லும் நயாகராக் குன்றுத்தொடர் வழியே வீடு வீடாகச் சென்று, கதவைத் தட்டி, காணிக்காரர்களிடம் அனுமதி கேட்டார்கள். 1967-இல் பாதை திறக்கப்பட்டது. பின்னர் பல பகுதிகள் விலைக்கு வாங்கப்பட்டும் நன்கொடையாகக் கிடைத்தும் பாதுகாக்கப்பட்டுவிட்டன என்றாலும், இன்றும் கணிசமான தூரம் தனியார் காணிகளுக்கு ஊடாகவே, வெறும் வாய்ச்சொல்லையும் கைகுலுக்கலையும் நம்பியே செல்கிறது. காணிக்காரர் மனம் மாறி "இனி வேண்டாம்" என்று சொன்னால், அந்தத் துண்டு காட்டை விட்டு வெளியேறித் தார் வீதியோரமாகத் திருப்பிவிடப்படும். அப்படித் திருப்பிவிடப்பட்ட இடங்களில் நானும் லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்திருக்கிறேன்.

கடந்த ஆண்டு ஒக்டோபர் நடுப்பகுதியில் நான் சேர்ந்து சென்ற குழுவில் நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். காட்டுப் பாதை முடிந்து ஒரு தோட்டக் காணி தொடங்கும் இடத்தில், நம் ஊர் வேலிக் கடப்பைப் போல, கம்பி வேலிக்கு மேலாக ஏறி இறங்கும் மரப்படி ஒன்று இருந்தது. ஒருவர் ஏறி மறுபக்கம் இறங்க அரை நிமிடம் என்று வையுங்கள். சேலை உடுத்தி வந்த அம்மாமார் சிலருக்கு அதற்கும் கூடுதலாக எடுத்தது. கடந்து போனவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருக்கையில் பக்கத்துப் பச்சைப் புல்லில் பரவி நின்றார்கள், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அது புல் அல்ல. இலையுதிர் காலத்தில் விதைத்து மறு கோடையில் அறுக்கும் கோதுமையின் விரற்கடை உயர முளை. சற்று நேரத்தில் நாயுடன் வந்த வயதான பெண்மணி எவரையும் ஏசவில்லை. "இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கடைசி ஆள் இறங்கும் வரை எங்களை எண்ணிக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட்டம் மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதற்கு ஹமில்ரன் நகருக்கு அருகிலுள்ள காட்சி முனையான டண்டாஸ் சிகரம் கண்முன்னே நிற்கிறது. இலைகள் நிறம் மாறும் வாரங்களில் அங்கே முன்பதிவின்றிச் செல்ல முடியாத நிலை வந்துவிட்டது. பொதுக் காணி என்பதால் அங்கே முன்பதிவு முறையோடு முடிந்தது. தனியார் காணி என்றால் வேலிப் படியைக் கழற்றிவிட்டால் போதும்.

பருவமும் சிறிய குழுவையே கேட்கிறது. ஒக்டோபரில் உதிரும் இலைகள் ஒற்றையடித் தடத்தை முற்றாக மூடிவிடுவதால், தரையைப் பார்த்து நடப்பவர் வழி தவறுவார். மரத்தில் பூசப்பட்ட வெள்ளைக் குறியைப் பார்த்தே நடக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குறிகள் இருந்து, மேலே உள்ளது வலப்பக்கம் விலகியிருந்தால் பாதை வலப்பக்கம் திரும்புகிறது. நீலக் குறி கிளைப்பாதை. நீண்ட வரிசையில் பின்னால் வருபவர் குறியைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவரின் முதுகையே பார்க்கிறார். போதாக்குறைக்கு, ஈர இலைகளுக்கு அடியில் வேர்களும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளும் ஒளிந்திருக்கும். எவருக்காவது கால் பிசகினால் நாற்பது பேரும் அந்த ஒற்றையடியில் நிற்க வேண்டும். ஒக்டோபர் நடுவில் ஆறரை மணியளவில் சூரியன் மறைகிறது, மரங்களுக்கடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். குன்றின் விளிம்பில் ஆயிரம் ஆண்டு கடந்த வெள்ளை சீடார் (cedar) மரங்களும் உண்டு; பார்வைக்குக் குட்டையாக, முறுக்கேறி, வயதைச் சொல்ல முடியாதபடி நிற்பவை. நிழற்படத்துக்காக அவற்றைப் பிடித்துத் தொங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே இவ்வாண்டு, வருபவர்களைப் பத்துப் பேருக்கு மேற்படாத குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு பகுதிக்கு அனுப்புங்கள். முதியோரும் சிறுவரும் வேலிப் படி இல்லாத பொதுக் காணிச் சுற்றுப்பாதைக்குச் செல்லட்டும். ரொறன்ரோவுக்கு வடமேற்கே உள்ள ஹொக்லி பள்ளத்தாக்கு அதற்கு நன்கு பொருந்தும். சோற்றுப் பொதிகளையும் ஒலிபெருக்கியையும் காட்டுக்குள் கொண்டுபோகாமல், கழிப்பறை வசதியுள்ள ஒரு பூங்காவை ஒதுக்கி, இரண்டு மணிக்கு எல்லோரும் அங்கே கூடலாம். ஒன்றுகூடலின் கலகலப்பு அங்கே கெடாது. நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைக்காகச் சில காணிக்காரர்கள் பாதையை மூடுவார்கள் என்பதால், நாளைக் குறிக்குமுன் பாதை நிருவாகத்தின் அறிவித்தலைப் பார்த்துவிடுங்கள்.

ஒக்டோபரில் வரும் நன்றி நவிலல் வார இறுதிக்கு நான் ஒரு குழுவை அழைத்துச் செல்ல ஆயத்தமாக இருக்கிறேன். ஒன்பது இடங்கள் உள்ளன.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய மாணவர்