கேட்ஸ் கோவ் கல்லறைத் தோட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் அக்கா வீட்டில் எல்லாரும் சுகம். இங்கே அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லிலிருந்து ஸ்மோக்கி மலைக்குப் போய்வந்தோம். மலையின் படங்களை அக்கா அனுப்பியிருப்பாள். அங்கே கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் உள்ள மெதடிஸ்ட் கோயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

1820களில் தொடங்கிய சபை அது. இப்போது நிற்கும் மரக்கோயிலை 1902இல் மெக்கேம்பல் என்ற கொல்லர் 115 நாளில், 115 டாலரில் கட்டி முடித்தாராம். பிறகு அவரே அங்கே போதகராகவும் இருந்திருக்கிறார். அதற்கு முன்பே, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் சபை இரண்டுபட்டு, பிரிந்தவர்கள் ஹோப்வெல் என்று தனிச்சபை வைத்துக்கொண்டார்கள்.

கோயிலை ஒட்டியே கல்லறைகள். அந்த மலைநாட்டில் கல் வெட்ட வசதியில்லாதவர்கள் நிலத்தில் கிடைத்த கல்லையே நட்டுவிடுவார்கள், பெயர் இருக்காது. உயிர்த்தெழும் நாளில் கிழக்கே பார்த்து எழும்ப வேண்டும் என்று காலைக் கிழக்கே நீட்டிப் புதைப்பது அவர்கள் வழக்கம். சின்னப் பிள்ளைகளின் கல்லறைகளைத் தாண்டி எனக்கு நடக்க முடியவில்லை, தம்பி.

1934இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. அதற்காக டென்னசி அரசு ஊரார் நிலத்தை வாங்கியது. விற்க மாட்டேன் என்றவர்கள்மேல் வழக்குப் போட்டு எடுத்தது. முதலில் குடியேறிய ஆலிவர் குடும்பத்து ஜான் டபிள்யூ. ஆலிவர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காகப் போராடித் தோற்றார். 1944இல் பள்ளிக்கூடமும் மூடியாயிற்று. இவ்வளவு அழகான இடம் அழியாமல் காக்கப்பட்டது நல்லதுதான். ஆனாலும் அந்த ஜனங்களுக்கு நடந்தது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

அப்புறமும் அந்த மலைக்காரர்கள் கல்லறைகளைக் கைவிடவில்லை. வசந்தகாலம் தொடங்கிக் கோடை வரை, கல்லறைக்கு ஒரு ஞாயிறு என்று குறித்து வந்து, புல் செதுக்கி, பூ வைத்து, ஜெபித்து, அங்கேயே சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், ஃபொன்டானா அணைநீர் பாதையை மூடிய வடகரைக் கல்லறைகளுக்குப் பூங்காக்காரர்களே அவர்களைப் படகில் கூட்டிப்போகிறார்கள். அங்கே பிறக்காத பேரப்பிள்ளைகள்கூட வருகிறார்களாம்.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நீ ஊருக்கு வா. போன வருஷம் அப்பா கல்லறைக்கு ஆள் வைத்துத்தான் வெள்ளையடித்தோம். இந்த வருஷம் நீயே அடி. நானும் அதற்குள் வந்துவிடுவேன். சிலுவையில் எழுத்து மங்கியிருக்கிறது. கறுப்புப் பெயிண்டும் சின்னத் தூரிகையும் வாங்கி வை.

அன்புடன்,
அம்மா