இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை இந்த வாரத்துடன் நிறைவடைகிறது. தமிழ் மொழித் தினப் போட்டிகளில் எமது மாணவர்கள் வலய மட்டத்தில் பரிசு பெற்றிருக்கிறார்கள். மெய்வல்லுநர் போட்டிகளிலும் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு வந்த பெற்றோருக்கும், குடிநீர்த் தாங்கியைத் திருத்தித் தந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியரிடம் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயத்தைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இந்தத் தவணையில் சில பெற்றோரை அழைத்து, பிள்ளையை ஓர் உளவியலாளரிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ காட்டும்படி கேட்டிருந்தோம். ஒரு பிள்ளை கெட்டித்தனமாகப் பேசுகிறது. புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியைக்கூட வாசிக்க முடியாமல் திணறுகிறது. இன்னொரு பிள்ளைக்குப் பாடசாலை நாட்களில் மட்டும் காலையில் வயிறு வலிக்கிறது. வேறொரு பிள்ளை கூட்டாளிகளை விட்டு மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது. பெற்றோர் எங்கள் கடிதத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்கள். பலர் இன்னும் பிள்ளையைக் காட்டவில்லை. "என் பிள்ளைக்கு விசர் என்கிறீர்களா?" என்று என் அறையில் கண்கலங்கியவர்களும் உண்டு. இல்லை, அப்படி நாம் சொல்லவில்லை. அந்தக் கதவுக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் இவ்வளவு பயமும் வருகிறது என்று நினைக்கிறேன். அதனால் அதை எழுதுகிறேன்.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சிலேயே போய்விடும். முக்கால் மணி நேரம், சில வேளை ஒரு மணி நேரம் எடுக்கும். பிள்ளை எப்போது நடந்தது, எப்போது பேசியது, எப்படித் தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அண்மையில் ஏதாவது மாற்றம் நடந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். தாய் வெளிநாட்டில் வேலை, தகப்பன் கடலுக்குப் போனால் நாட்கணக்கில் வரமாட்டார், அம்மம்மாதான் வளர்க்கிறார் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். குறை பிடிப்பதற்காக அவர்கள் கேட்பதில்லை. குடும்ப நல உத்தியோகத்தர் தந்த சுகாதாரப் பதிவேடு, தேர்ச்சி அறிக்கை, பிள்ளையின் ஒன்றிரண்டு கொப்பிகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். வாசிப்பில் சிரமம் என்றால் கண்ணையும் காதையும் முதலில் பரிசோதிக்கச் சொல்லலாம்.

பிறகு பிள்ளையுடன் தனியாக இருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடுவார்கள், படம் வரைவார்கள். அதிலிருந்தே பல விடயங்கள் தெரியவரும். நினைவாற்றல், கவனம், வாசிப்பு ஆகியவற்றை அளக்கும் பயிற்சிகள் இருந்தால் இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. மருந்து தேவையா என்று பார்ப்பவர் உளநல வைத்தியர். ஊசியும் இல்லை, ஊசி இருக்கும் என்று பிள்ளையைப் பயமுறுத்தவும் வேண்டாம். "கடைக்குப் போகிறோம்" என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "உனக்குக் கஷ்டமாக இருக்கும் விடயத்தைப் பற்றி ஒருவரோடு பேசப் போகிறோம்" என்று சொன்னாலே போதும்.

உள்ளே பேசியதை வெளியே வந்ததும் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம். பிள்ளைக்கோ வேறொருவருக்கோ ஆபத்து இருந்தால், அல்லது யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவது தெரியவந்தால், அவர்கள் மறைத்து வைக்கமாட்டார்கள், உரியவர்களுக்குச் சொல்வார்கள். மற்றவற்றில் எதை உங்களுக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையோடு பேசித் தீர்மானிப்பார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பிள்ளை வாய் திறக்காது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்க்க ஒருவரை ஒழுங்கு செய்யும்படி கேளுங்கள். அயலவரைக் கூட்டிச் செல்ல வேண்டாம். பெரிய பிள்ளையை வைத்துத் தம்பியின் கதையை மொழிபெயர்ப்பிக்கவும் வேண்டாம்.

கோவிலில் நூல் கட்டுவதையோ ஓதிப் பார்ப்பதையோ நான் தடுக்கவில்லை. அது உங்கள் நம்பிக்கை. அதற்காக வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சில வாரங்கள் போய்வந்து, சொல்லித் தந்த பயிற்சிகளை வீட்டிலும் செய்தால்தான் மாற்றம் தெரியும்.

சிலருக்கு இதை நேரடியாகவே சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் யாருடைய பிள்ளையைக் கண்டீர்கள் என்பது வகுப்பு வட்ஸ்அப் குழுவில் எழுதும் செய்தியன்று. "அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் என் மகளை இருத்த வேண்டாம்" என்ற கோரிக்கைகளும் எனக்கு வந்தன. நான் அவற்றை ஏற்கவில்லை, இனியும் ஏற்கமாட்டேன். ஒரு பிள்ளையைப் பட்டம் சொல்லி அழைக்கும் மாணவரின் பெற்றோர் என் முன் வந்து விளக்கம் தர வேண்டியிருக்கும். வளர்ந்தவர்களின் வாயிலிருந்து கேட்காமல் எந்தப் பிள்ளையும் அந்தச் சொற்களைக் கற்றுக்கொள்வதில்லை.

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் தயக்கம் எனக்கு விளங்குகிறது. பெண்பிள்ளை என்றால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது இது தடையாக வருமோ என்று கேட்கிறீர்கள். விடுகைப் பத்திரத்தில் இதுபற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டோம். அறிக்கையை எங்களுக்குக் காட்டுவதா இல்லையா என்பதும் உங்கள் விருப்பம். காட்டினால் முன் வரிசையில் இடம் கொடுக்கலாம், பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றலாம்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது சிறுபிள்ளைகளாக இருந்தவர்களில் பலர் இன்று இந்தப் பாடசாலையின் பெற்றோர். 2006இல் போரின்போது மூதூரிலிருந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியவர்களும் இருக்கிறீர்கள். அப்போது உங்களில் எத்தனை பேரிடம் யாராவது உட்கார்ந்து கேட்டார்கள்? தூக்கம் வராமல், காரணமில்லாமல் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தால், உங்களுக்காகவும் போங்கள். தூக்கம், பசி, வேலை, குடிப்பழக்கம் பற்றிக் கேட்பார்கள். உயிரை விடும் எண்ணம் வந்ததா என்றும் நேரடியாகக் கேட்பார்கள். திடுக்கிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

விடுமுறையில் போனால் பாடம் தவறாது. கடிதம் தொலைந்திருந்தால் எமது ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் முதல் நாள் அவர் உங்களோடு வருவார். ஏற்கனவே பிள்ளையை அழைத்துப்போய்க் காட்டிய பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. மூன்றாம் தவணையின் முதல் நாளில் எல்லாப் பிள்ளைகளையும் எதிர்பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை