பழைய நிரல்களை உடைத்தால் பதிப்பு எண்ணையும் மாற்றுங்கள்

பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு லைப்ரரிகளை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை லினக்ஸ் டிஸ்ட்ரோக்களுக்கு பேக்கேஜாக்கித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சர்வரில் வழக்கமான அப்கிரேடு போட்டேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. அன்று இரவே ஒரு சேவை செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தவறான நினைவக இடத்தைத் தொடுவதால் வரும் பிழை) விழுந்தது. எழுப்பினால் மறுபடி விழுந்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது: ஒரு சின்ன லைப்ரரியின் புதிய பதிப்பில், ஒரு ஸ்ட்ரக்ட்டின் (பல தரவுப் புலங்களை வரிசையாக அடுக்கிய அமைப்பு) நடுவே புதிதாக ஒரு புலத்தைச் சேர்த்திருந்தார்கள். பழைய பதிப்போடு கம்பைல் ஆன எங்கள் நிரல், பழைய இடத்திலேயே போய்ப் படித்துக்கொண்டிருந்தது. ஆனால் சோநேமில், அதாவது நிரல்கள் லைப்ரரியை அடையாளம் காணும் பெயரில், உள்ள பதிப்பு எண் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த எண்ணை நம்பித்தான் எல்லாமே ஓடுகிறது. லிங்க் செய்யும்போது அது நிரலுக்குள் பதிகிறது. நிரல் ஓடத் தொடங்கும்போது, லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அதை வைத்தே லைப்ரரியைத் தேடுகிறது. பேக்கேஜ்களின் சார்புகளும் பெரும்பாலும் அதையொட்டியே அமைகின்றன. எண் மாறாவிட்டால் லோடருக்கும் தெரியாது, பேக்கேஜ் மேனேஜருக்கும் தெரியாது.

2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3.0 வந்தபோது சோநேம் 1.1 என்பதிலிருந்து 3 ஆனது. உபுண்டு 22.04-இல் பழைய 1.1 லைப்ரரி இல்லை. வெளியிலிருந்து வாங்கி நிறுவிய நிரல்கள் பல, கோப்பைக் காணோம் என்று நின்றுபோயின. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எது இல்லை என்று பெயர் சொல்லி நின்றன. ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்தது. எனக்கு இந்த உடைவே மேல். (பழைய பெயரில், புதிய கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் போட்டு ஏமாற்றாதீர்கள். சிம்பல்களுக்கு, அதாவது உள்ளே இருக்கும் ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்களுக்கு, பதிப்பு குறிக்காத லைப்ரரியாக இருந்தால், என்னுடைய இரண்டு நாள் உங்களுக்கும் வரும்.)

உடைக்காமலே மாற்றவும் வழி இருக்கிறது. 2011-இல் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான கிளிப்சி 2.14, 64-பிட் இன்டெல் கணினிகளில் நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனுக்குப் புதிய சிம்பல் பதிப்பு கொடுத்தது. பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையே கிடைத்தது. எல்லாச் சிறிய லைப்ரரியிடமும் இந்த உழைப்பை நான் கேட்கவில்லை. எண்ணை மாற்றினால் போதும்.

பேக்கேஜ் பராமரிப்பவர்களே, லைப்ரரியை எழுதியவர்கள் எண்ணை மாற்றாவிட்டாலும் உங்கள் கையில் வழி இருக்கிறது. 2038-இல் 32-பிட் நேர எண் நிரம்பி வழியும் சிக்கலுக்காக 32-பிட் கணினிகளில் நேர வகையை 64-பிட் ஆக்கியபோது, டெபியன் 2024-இல் பாதிக்கப்பட்ட லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரோடு டி64 என்று சேர்த்தது. சோநேம் மாறாமலே சார்புகள் சரியாகப் பிரிந்தன. அப்புறம், சார்ந்த பேக்கேஜ்களை மறுபடி கட்டி முடிக்கும்வரை புதிய லைப்ரரியை நிலையான களஞ்சியத்துக்குள் விடாதீர்கள்.

எனக்கு இரண்டு நாள் தின்ற அந்த லைப்ரரியின் இரு பதிப்புகளையும் டீபக் (பிழை தேட உதவும்) தகவலோடு கட்டி, இரு பதிப்புகளையும் ஒப்பிடும் அபிடிஃப் கருவியை ஓட்டிப் பார்த்தேன். எந்த ஸ்ட்ரக்ட், எந்தப் புலம், எத்தனை பிட் நகர்ந்தது என்று சில வினாடிகளில் சொல்லிவிட்டது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு சர்வர் நிர்வாகி