நகர மண்டபம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எல்லாச் சேவைகளும் கைப்பேசிக்கே வந்துவிட்ட பிறகு நகர மண்டபம் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். வரி கட்டவும் சான்றிதழ் வாங்கவும் மட்டும்தான் டவுன்ஹால் என்றால் அந்தக் கேள்வி நியாயமே. ஆனால் ஊரார் ஒன்றுகூடவும் ஆள்பவர்களை நேருக்கு நேர் கேட்கவும் அந்த இடம் வேண்டும்.

இத்தாலியின் சியனா நகர மண்டபத்தில், நகரை ஆண்ட ஒன்பது பேர் கூடிய அறைச் சுவர்களில் 1338-39இல் அம்ப்ரோஜியோ லோரென்ஸெட்டி என்ற ஓவியர் நல்லாட்சியையும் கொடுங்கோன்மையையும் வரைந்தார். ஒருபுறம் வணிகமும் ஆடலும் நிறைந்த தெருக்கள், விளைந்த வயல்கள். எதிர்ப்புறம் சிதைந்த நகரம், பாழ்நிலம். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்துதான் அவர்கள் முடிவெடுத்தார்கள். இன்று அந்தச் சுவர்களின் வேலையைச் செய்ய வேண்டியவர்கள், மன்றக் கூட்டங்களின் பார்வையாளர் இருக்கைகளில் அமரும் நாம்தான். உழைப்பவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கூட்டம் நடத்தினால் அந்த இருக்கைகள் எப்படி நிரம்பும்?

இணையத்தில் புகார் அளிப்பவர் தன் குறையை மட்டுமே பார்க்கிறார். மண்டபத்திற்கு வருபவரோ தன் முறைக்காகக் காத்திருக்கும்போது பிறர் குறைகளையும் கேட்கிறார். தெருவிளக்கு கேட்க வந்தவர், இன்னொரு பகுதியில் குடிநீரே வரவில்லை என்று ஒரு பெண் சொல்வதைக் கேட்டு, முதலில் அதைக் கவனியுங்கள் என்று எழுந்து சொல்லக்கூடும். எந்தச் செயலியிலும் இது நடக்காது. முன்பின் அறியாத இருவர் ஒரே ஊர்க்காரர்களாவது இப்படித்தான்.

பிரான்சில் சட்டப்படியான திருமணம் நகர மண்டபத்தில் நடக்கிறது. ஊரறிய நடக்க வேண்டும் என்பதால் அப்போது கதவைச் சாத்துவதில்லை. ஃபின்லாந்தின் சாய்னாட்சாலோ என்ற சிற்றூருக்கு ஆல்வார் ஆல்டோ வடிவமைத்து 1952இல் நிறைவடைந்த மண்டபத்திலோ, மன்ற அவையோடு நூலகமும் கடைகளும் சேர்ந்தே இருந்தன. புத்தகம் எடுக்க வருபவருக்கும் மன்ற அவை அந்நியமாக இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

மண்டபத்தை வாடகைக்கு விடுவதில் தவறில்லை. பராமரிப்புக்குப் பணம் வேண்டும். ஆனால் பணம் கொடுப்பவருக்கு மட்டுமே அது திறக்கும் என்ற நிலை கூடாது. மன்றக் கூட்டங்களை மாலையில் நடத்துங்கள். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் மாணவர்கள் படிக்கவும் முதியோர் கூடிப் பேசவும் இலவசமாக இடம் கொடுங்கள். புதுப்பிக்கும் பணியைத் தொடங்குமுன் அதைப் பயன்படுத்தும் மக்களிடம், அந்த மண்டபத்திலேயே கூட்டம் போட்டுக் கருத்துக் கேளுங்கள். பொறுப்பில் இருப்பவர்களின் கவனத்திற்கு உங்கள் இதழ் இதைக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்